கடன் வேறு, திட்டம் வேறா?

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து வல்லம் வடகாலில் ஒரு தலைமுறைக்கு முன் கடன் கேட்டுப் போனவர் காட்டக்கூடிய பிணை இரண்டுதான்: ஏரிப் பாசன நிலத்தின் பட்டா, வீட்டிலிருந்த நகை. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் விழுந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ரெனோ-நிஸான் ஒரகடத்துக்கு வந்தது. 2017-இல் ராயல் என்ஃபீல்டு வல்லம் வடகாலுக்கே வந்துசேர்ந்தது. இதற்கிடையே பட்டா நிலம் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுக்குப் போய், இழப்பீட்டுத் தொகையாக மாறி வங்கிக் கணக்கில் உட்கார்ந்தது. நிலத்தின் இடத்தைச் சம்பளச் சீட்டு பிடித்தது. 2024 ஆகஸ்டில் இதே ஊரில் 706.50 கோடி ரூபாயில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சின்ன வட்டாரத்தில் எத்தனை மாதச் சம்பளம் புழங்குகிறது என்பது விளங்கும். நிலத்தை அடமானம் வைக்க வில்லங்கச் சான்று, பதிவு அலுவலகம், நாலு பேர் சாட்சி என்று நாளாகும். அதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சம்பளச் சீட்டின் பேரில் கைப்பேசியிலேயே தனிநபர் கடன் கிடைத்துவிடுகிறது. கடன் வாங்குவது இப்படி எளிதான இடத்தில்தான், அந்தக் கடனைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கான திட்டங்களும் கடை விரித்தன.

2022-இல் அப்படி விரித்த கடைகள் வரிசையாக மூடின. அந்த ஆண்டு மே மாதம் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல் துறையின் கணக்கு. அடுத்த சில மாதங்களில் காட்பாடியை மையமாகக் கொண்ட எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் பைனான்சியல் சர்வீசஸ் என்கிற ஐ.எஃப்.எஸ். நிறுவனமும் சிக்கியது. அது சுருட்டியதாகச் சொல்லப்படும் தொகை சுமார் 6,000 கோடி. வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் அதன் ஏஜென்ட்டுகள் ஊர் ஊராக இருந்தார்கள். போட்ட பணம் எல்லாம் சேமிப்பு அல்ல. நகையை வைத்து, வங்கியில் தனிநபர் கடன் வாங்கி, வட்டிக்காரரிடம் புரோ நோட்டு எழுதிக் கொடுத்துப் போட்டவர்கள் ஏராளம். ஆக, இடிந்துபோன ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் இரண்டு வகைக் கடன்கள் கிடக்கின்றன. ஒன்று, திட்டத்தை நடத்தியவர் தன் சொத்தை வைத்து வாங்கியது. மற்றது, திட்டத்தில் சேர்ந்தவர் அதற்காகவே வாங்கியது. இந்த இரண்டையும் நம் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. முதல் வகையில் கடன் கொடுத்தவரைப் பின்னால் நிற்கச் சொல்லும் அதே சட்டம், இரண்டாம் வகையில் கடன் கொடுத்தவரைத் தொடுவதே இல்லை. கடனும் திட்டமும் வெவ்வேறு ஒப்பந்தங்கள் என்ற பழைய கோட்பாடுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் கோட்பாடு யாருக்காக உருவானது, எங்கெல்லாம் ஏற்கெனவே உடைக்கப்பட்டுவிட்டது என்பதைப் பார்த்தால், வல்லம் வடகால் தொழிலாளியின் விஷயத்தில் மட்டும் அதைக் கைவிடாமல் பிடித்திருப்பதற்கு நியாயம் இல்லை என்பது தெரியும்.

கோட்பாட்டின் வேர் துறைமுக நகரத்து வியாபாரிகளிடம் இருக்கிறது. கல்கத்தாவில் அரசு ஏலத்தில் பாட்னா அபின் என்ன விலைக்குப் போகும் என்று பந்தயம் கட்டிய ஒரு வழக்கு 1848-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம் என்று அங்கே தீர்ப்பானது. அதே ஆண்டில் இந்தியாவில் 21-ஆம் எண் சட்டம் வந்து பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஆனால் பந்தயம் கட்டுவதற்காக ஒருவர் வாங்கிய கடன் என்ன ஆகும்? பம்பாய் மாகாணம் 1865-இல் தனிச் சட்டம் போட்டு, பந்தயத்துக்குத் துணைபோகும் ஒப்பந்தங்களும் செல்லாது என்றது. மதராஸ் மாகாணத்தில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. 1872-இன் ஒப்பந்தச் சட்டத்திலும் 30-ஆவது பிரிவு பந்தயத்தை மட்டுமே செல்லாததாக்கியது. பந்தயத்துக்கான கடன், பந்தயத்துக்கான கூட்டு வியாபாரம் ஆகியவை தப்பின. 1959-இல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முத்திரை குத்தி உறுதிசெய்தது. ஹாபூர் சந்தையின் இரண்டு நிறுவனங்களோடு விலை ஏற்ற இறக்கத்தின் மேல் பந்தய பேரம் நடத்த இருவர் கூட்டுச் சேர்ந்தார்கள், நட்டம் வந்தது, முழு நட்டத்தையும் கட்டியவர் மற்றவரிடம் பாதியைக் கேட்டார். தீர்ப்பை எழுதியவர் முன்பு மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த கே. சுப்பா ராவ். செல்லாத ஒப்பந்தம் வேறு, சட்டவிரோதமான ஒப்பந்தம் வேறு. பந்தயம் முதல் வகைதான். ஆகவே அதைச் சுற்றிய கணக்குவழக்கு செல்லும் என்றார். நுட்பமான, வியாபார உலகத்துக்குப் பொருந்தும் தீர்ப்பு. ஹாபூர் பேரத்தில் இறங்கிய இருவருக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரியும்.

இந்தக் கோட்பாடு காலங்காலமாக இருந்துவந்தது, அதை அசைக்கக் கூடாது என்று வாதிடுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த மண்ணின் பழைய சட்டம் கடன் எதற்கு என்று கேட்டது. தந்தையின் கடனை மகன் அடைக்கவேண்டும் என்ற இந்துச் சட்டக் கடமைக்கு விதிவிலக்காக 'அவ்யவஹாரிகக் கடன்' என்று ஒரு வகை இருந்தது: சூதுக்கு, குடிக்கு, தகாத வழிக்கு வாங்கிய கடன் மகனைக் கட்டாது. வியாபாரத்தில் வந்த நட்டத்தை அந்த வகையில் சேர்க்க நீதிமன்றங்கள் தயங்கின என்பதும் உண்மை. ஆனாலும் கடனின் நோக்கத்தை ஆராய்வது நீதிபதிக்கு அந்நியமான வேலையாக இருக்கவில்லை. பிறகு வந்த நிவாரணச் சட்டங்கள் கேள்வியை மாற்றின. ராஜாஜி அமைச்சரவையின் 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இரு மடங்கு கட்டியவரின் கடனே தீர்ந்தது என்றது. ஆனால் அது கேட்டது 'நீ விவசாயியா?' என்பதைத்தான். கடன் எதற்கு என்பது அதற்குத் தேவைப்படவில்லை. அந்தக் கால செங்கல்பட்டு மாவட்டத்து வல்லம் வடகால் குடியானவருக்கு அந்தச் சட்டம் பயன்பட்டிருக்கும். நிலத்தைச் சிப்காட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆலையில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் அவருடைய பேரன் எந்த நிவாரண வரையறைக்குள்ளும் வரமாட்டான். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது இதன் முதல் காட்சியை ஸ்ரீபெரும்புதூர் பார்த்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விருப்ப ஓய்வுத் தொகையோடு வெளியேறினார்கள். சம்பளத்தை நம்பி வாங்கிய வண்டிக் கடனும் வீட்டுக் கடனும் ஆலையோடு மூடிக்கொள்ளவில்லை.

நடைமுறையில் தகராறு எப்படி நீதிமன்றத்துக்கு வருகிறது என்பதில்தான் இந்த வரலாற்றின் முள் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் வைப்புத் தொகையே ஒரு கடன்தான். 1906 அக்டோபரில் மதராஸின் அர்பத்நாட் நிறுவனம் விழுந்தபோது, அதில் பணம் போட்டிருந்த விதவைகளும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் கடன் கொடுத்தவர்களாகத்தான் திவால் வழக்கில் வரிசையில் நின்றார்கள். வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்களுக்காகப் போராடினார், நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார், அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. அங்கே எதிரி ஒருவர்தான், அவர் ஊரறிந்தவர். இன்றைய திட்டங்களில் நடுவில் ஏஜென்ட் இருக்கிறார். அவர் அதே தெருவில் குடியிருப்பவர், அதே ஆலையில் ஷிப்டு பார்ப்பவர், பெரும்பாலும் தானும் பணம் போட்டு ஏமாந்தவர். பணம் அவர் கை வழியாகப் போயிருக்கும். நம்பிக்கைக்காக அவரே தன் பெயரில் புரோ நோட்டோ நிரப்பாத காசோலையோ கொடுத்திருப்பார். திட்டம் விழுந்ததும் அந்தக் காகிதம் உயிர் பெறும். பணம் போட்டவர் 'அது கைமாத்துக் கடன்' என்பார். ஏஜென்ட் 'அது முதலீடு, நான் மேலே கட்டிவிட்டேன்' என்பார். இன்னொரு பக்கம், பணம் போட்டவரே வட்டிக்காரரிடம் அதே மாதிரிக் காகிதம் கொடுத்துத்தான் அந்தப் பணத்தைப் புரட்டியிருப்பார். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு. தன் விருப்பப்படி கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையாக இருந்தாலும், கடனுக்காகவே தரப்பட்டது என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமானத்தை உடைக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில். பணம் எந்த வழியாகப் போனது என்பதை நீதிமன்றம் கேட்கும் கட்டம் வருவதற்குள், காகிதம் தன் வேலையைப் பாதி முடித்திருக்கும்.

இப்போது முதல் வகைக் கடனைப் பார்க்கலாம், அதாவது திட்டத்தை நடத்தியவருக்குச் சொத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கியின் நிலையை. தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் ஊருக்கு ஊர் விழுந்தபோது, தமிழ்நாடு 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரிகைகளும் பாதிக்கப்பட்டவர்களும் டான்பிட் சட்டம் என்பார்கள். நடத்தியவரின் சொத்தை அரசு முடக்கலாம், கெட்ட நோக்கத்தோடு பிறர் பெயருக்கு மாற்றியதையும் தொடரலாம், சிறப்பு நீதிமன்றம் விற்றுப் பகிரலாம். மாநிலத்துக்கு இந்த அதிகாரமே இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் கே.கே. பாஸ்கரன் வழக்கில் தள்ளியது. அடுத்த ஆண்டு புதுச்சேரிச் சட்டத்தையும் ஏற்றது. பிறகு அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கி முன்னால் நிற்குமா, பணம் போட்டவர் முன்னால் நிற்பாரா என்ற கேள்வி வந்தது. மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்குச் சர்ஃபேசி சட்டம் தந்த உரிமையை விட்டுவைத்து, அதற்குப் பின்னால்தான் முதலீட்டாளரை நிறுத்தியது. ஆனால் 2025 மே மாதம் நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டத்தின் உடன்பிறப்பான மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் முடக்கப்பட்ட சொத்தில் அடமான வங்கிக்கு முன்னுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முறையாகப் பதிவான, நல்லெண்ணத்தோடு கொடுத்த கடனாக இருந்தாலும் ஏமாந்தவர்களின் பங்கைத் தாண்டிப் போகமுடியாது என்பதே இதன் விளைவு. கடன் வேறு, திட்டம் வேறு என்ற சுவரில் இது சின்ன ஓட்டை அல்ல.

இரண்டாவது உடைப்பு வீட்டுக் கடனில் நடந்தது, அது இரண்டாம் வகைக் கடனுக்கு இன்னும் நெருங்கியது. கட்டி முடிக்காத அடுக்ககத்துக்கு வாங்குபவர் பெயரில் வங்கி கடன் தரும். பணம் நேரே கட்டுநருக்குப் போகும். வீடு கைக்கு வரும்வரை வட்டியைக் கட்டுநர் கட்டுவார் என்பது பேச்சு. கட்டுநர் நின்றுவிட்டால் வங்கி வாங்கியவரைத் துரத்தும். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுமான நிலைக்கு ஏற்பவே பணம் விடவேண்டும் என்று எச்சரித்தது. 2019-இல் தேசிய வீட்டுவசதி வங்கி இத்தகைய கடன்களை விட்டுவிடும்படி வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குச் சொன்னது. தலைநகர் வட்டாரத்தில் சிக்கியவர்கள் போட்ட மனுக்களை 2023 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு மன்றங்கள் இருக்கின்றன என்று திருப்பி அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வேறு கோணத்தில் பார்த்தது: தவணைக்காகவும் காசோலைக்காகவும் வாங்கியவர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது, அடுத்த ஆண்டு கட்டுநர்-வங்கி உறவை சி.பி.ஐ. விசாரிக்கச் சொன்னது. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று அங்கே நீதிமன்றம் நின்றுவிடவில்லை. பணம் போன வழியைப் பார்த்தது. நொய்டாவில் அடுக்ககம் வாங்கியவருக்காகத் திறந்த கதவை, ஒரகடத்தில் திட்டத்தில் சேர்ந்தவருக்கு மட்டும் கோட்பாட்டின் பெயரால் சாத்துவது எப்படிச் சரியாகும்?

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் ஒன்று கனமானது. கடன் கொடுத்த வங்கிக்கோ நகைக்கடன் கம்பெனிக்கோ அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரியாது. தெரியாதவரை ஏன் தண்டிக்கவேண்டும்? இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நகையை வைத்து வாங்கிய கடனில், சம்பளக் கணக்கின் பேரில் வந்த தனிநபர் கடனில், கொடுத்தவரைத் திட்டத்தோடு முடிச்சுப்போட வழியே இல்லை. அந்தக் கடன்கள் அப்படியே நிற்கவேண்டியவைதான். நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் தீர்ப்பில்கூட வங்கி இழந்தது முன்னுரிமையைத்தான், கடனை அல்ல. அப்படிப் பிரித்துவிட்டால் மிச்சம் இருப்பது சின்னத் தொகுதி: கடன் வாங்கிக் கொடுத்த ஆளும் திட்டத்தில் சேர்த்த ஆளும் ஒருவராகவே இருந்த இடங்கள், அல்லது திட்டத்துக்குத்தான் என்று தெரிந்தே வட்டிக்காரர் கொடுத்த இடங்கள். இங்கிலாந்தின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் இந்தக் கோட்டைத்தான் கிழித்தது. விற்பவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் முன்னேற்பாடு இருந்தால், விற்பவரின் மோசடிக்குக் கடன் கொடுத்தவரும் பொறுப்பு. முன்னேற்பாடு இல்லாத கடனை அது தொடவில்லை. நமக்குப் புதுச் சட்டம்கூட அவ்வளவாகத் தேவைப்படாது. 1959-இன் தீர்ப்பு பந்தயக் கடனைக் காப்பாற்றியதே பந்தயம் செல்லாதது, ஆனால் சட்டவிரோதம் அல்ல என்ற ஒரே காரணத்தால். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டம் நடத்துவது குற்றம். அது குற்றம் என்று தெரிந்தும் அதற்கு எண்ணெய் ஊற்றிய கடனை, ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின் முன் நிறுத்துவதற்கு சுப்பா ராவின் தீர்ப்பே இடம் தருகிறது.

மாதம் இருபத்தைந்து, முப்பது சதவீதம் கிடைக்கும் என்று நம்பிப் போனவர் பேராசைக்காரர், அவருக்கு எதற்கு இரக்கம் என்பது அடுத்த மறுப்பு. தெருவில் அதிகம் கேட்பது இதுதான், நீதிமன்றத்தில் நிற்காததும் இதுதான். டான்பிட் சட்டம் முதலீட்டாளரின் குணத்தை அளந்துவிட்டு உதவவில்லை. 2025 தீர்ப்பும் அளக்கவில்லை. பேராசை குற்றமானால் அவருடைய வைப்புத் தொகைக்கும் பாதுகாப்பு இருக்கக் கூடாது. அதற்குக் கொடுத்துவிட்டு, கடனுக்கு மட்டும் பேராசையைக் காரணம் காட்ட முடியாது. கடனைத் தொட்டால் ஏழைக்கு இனி யாரும் கடன் தரமாட்டார்கள் என்ற வாதத்தை 1938-இல் ராஜாஜி சட்டத்தின்போதும், எழுபதுகளில் நெருக்கடிநிலைக் காலக் கடன் நிவாரணங்களின்போதும் சொன்னார்கள். கடன் கொடுக்கும் தொழில் அன்றைக்கும் நிற்கவில்லை, ரூபம்தான் மாறியது. 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது, எதற்காக அடகு வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே நட்டத்தை ஏற்றது அரசுக் கருவூலம், கடன் கொடுத்தவர் அல்ல என்பது சரியான எதிர்வாதம். அதனால்தான் பொதுத் தள்ளுபடியை நான் கேட்கவில்லை. வசூல் முறையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன: கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மிரட்டி வசூலிப்பதற்கு எதிரான 2025-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் எப்படிக் கேட்கக் கூடாது, எவ்வளவு கேட்கக் கூடாது என்று சொல்கின்றன. எப்போது கேட்கக் கூடாது என்று சொல்லும் சட்டம்தான் இல்லை.

பிரச்சினை முழுக்க அந்த 'எப்போது' என்பதில் வந்து நிற்கிறது. திருப்பூரின் பாசி நிதி நிறுவனம் 2009-இல் விழுந்தது. கோவை டான்பிட் நீதிமன்றம் 27 ஆண்டு சிறையும் 171.74 கோடி ரூபாய் அபராதமும் விதித்துத் தீர்ப்பு சொன்னது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டுகள், அதுவும் முதல் நீதிமன்றத்தில் மட்டும். காசோலை திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புரோ நோட்டுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. ஆகவே கடன் கொடுத்தவர் நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும் காத்திருக்க முடியாது, போட்டே தீரவேண்டும். ஆருத்ராவிலோ ஐ.எஃப்.எஸ்.ஸிலோ 2022 தொடக்கத்தில் பணம் போட, ஸ்ரீபெரும்புதூரில் புரோ நோட்டு எழுதிக் கொடுத்தவரின் மேல் 2025-க்குள் வழக்கு வந்தாகவேண்டியிருந்தது. அவருக்குச் சேரவேண்டிய பங்கோ சொத்து ஏலம், பட்டியல் சரிபார்ப்பு, மேல்முறையீடு எல்லாம் தாண்டி வரவேண்டியது. கடன் முழுமையாகச் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளியை மூடலாம். டான்பிட் பட்டியலில் பெயர் உள்ளவர் மேல் அதே பணத்துக்கான கடன் வழக்கு வந்தால், காலாவதிக் கணக்கை நிறுத்திவைத்து, பங்கீடு முடியும்வரை தீர்ப்பு நிறைவேற்றத்தை ஒத்திவைத்து, பங்குத் தொகையை நேரே கடன் கொடுத்தவருக்கே அனுப்பும்படி 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். கடன் கொடுத்தவருக்கு உரிமை போகாது, காத்திருப்பு மட்டும்தான் கூடும். பணம் போட்டவர் பதின்மூன்று ஆண்டு காத்திருக்க முடியும் என்றால் அவருக்குக் கடன் கொடுத்தவரும் காத்திருக்கலாம்.